அளவுப் புத்தகம்

சனிக்கிழமை பின்னேரம் என் கடையில் தையல் நடக்காது.
பெஞ்சில் நாலு பேர், படியில் ரெண்டு பேர்.
ஹட்டன் மழை தகரத்தில் குத்திக்கொண்டிருக்க
உள்ளே அதே வழக்கு:
யார் பெரிய குத்துக்காரன்?

அரிசிக்கடை சன்னாசி, சிவனு என்பார்.
லொறி ஓட்டும் ஹேரத், விமலசேன என்பான்.
தபால் கந்தோர்காரர் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு
ஜுனைதீன் பெயரை மெதுவாக வைப்பார்,
கடைசித் துருப்பை வைப்பதுபோல்.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.
புத்தகம் என்னிடம்தானே இருக்கிறது.
அவர்களுக்கெல்லாம் காற்சட்டை தைத்தவள் நான்.
பென்சிலில், அங்குலக் கணக்கில்,
யார் எவ்வளவு பாக்கி என்பதோடு.

சிவனு: தோளிலிருந்து மணிக்கட்டு இருபத்தைந்தரை.
அவன் உயரத்துக்கு அது அநியாயம்.
கவ்வாத்துக் கத்தி பிடித்த கை.
இடக்கை போனது தெரியாது,
திரும்பி வருவதைத்தான் பார்ப்போம்.
தாடை மட்டும் சூளை காணாத பச்சைப் பானை.
நூற்றைம்பது ரூபாய் இன்னும் தரவேண்டும்.

விமலசேன: கழுத்து பதினேழே முக்கால்.
முகத்தில் விழும் குத்தெல்லாம் அதன் வழியே இறங்கி
காலுக்குப் போய் மண்ணில் கலந்துவிடும்.
வாங்குவதை ஒரு திறமையாகச் சேர்க்கலாமா என்று
போன வருஷம் முழுக்கச் சண்டை.

ஜுனைதீனை அளக்கவே முடியாது.
நாடா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
துரத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே
எதிராளி அவன் காட்டிய மூலைக்குப் போய்ச் சேருவான்.
குத்தில் பாரமில்லை;
அவனிடம் தோற்றவன் மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போகலாம்.

அந்தோனிமுத்துவின் பேரை ஏனோ யாரும் சொல்வதில்லை.
எல்லா அளவும் நடுத்தரம்.
ஆனால் மூன்றாம் சுற்றில் மற்றவர்கள்
வாயைத் திறந்து காற்றைத் தின்னும்போது
இவன் மூக்கால் மூச்சு விடுவான்.
நாலாயிரம் அடி மலையில் உரமூட்டை சுமந்த நெஞ்சு.
நாடா அதைச் சுற்றி வரும்,
உள்ளே போகாது.

இன்றைக்குச் சும்மா இருக்க முடியாமல்
பிரவுன் பேப்பரில் ஓர் ஆளை வெட்டினேன்.
சிவனுவின் கை, விமலசேனவின் கழுத்து,
ஜுனைதீனின் கால், அந்தோனிமுத்துவின் நெஞ்சு.
ஒற்றைக் குண்டூசியில் சுவரில் நிறுத்தினேன்.
பெஞ்சே எழுந்துவிட்டது:
இவன்தான், இவன்தான்!
எனக்குச் சிரிப்பு.
தோளில் கை பொருந்தாமல் அரை அங்குலம் இழுத்து ஒட்டியது
எனக்குத்தானே தெரியும்.
அந்தக் கழுத்தைச் சுமந்துகொண்டு அந்தக் கால் ஆடுமா?
ஓடிக்கொண்டே ஜெயிப்பவனுக்கு அடிதாங்கிக் கழுத்து எதற்கு?
கதவு திறந்தது. காற்று வந்தது.
ஆள் மடங்கி விழுந்தான்.
ஹேரத் குனிந்து பத்து வரை எண்ணினான்.

திறந்தவள் தவச்செல்வி.
இடுப்புப் படங்கில் ஈரம் சொட்ட
கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள்.
எடை நாற்பத்தெட்டாம்.
மடுவத்துத் தராசில் ஏறிப் பார்த்தாளாம்.
"கூடைக்கு ரெண்டு கிலோ கழிக்கணுமே" என்று
கணக்கப்பிள்ளை சிரித்தாராம்.
வருகிற ஞாயிறு பதுளையில் பைட்.
சிவப்புக் காற்சட்டை, ஓரத்தில் வெள்ளை.

கை இருபத்தொன்று. கழுத்து பன்னிரண்டு.
சன்னாசி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
இடது விலாப்பக்கம் நாடாவைக் கொண்டுபோனேன்.
தொடவில்லை.
அதற்குள் அவள் முழங்கை இறங்கி மூடிக்கொண்டது.
அங்கே போகப்போகிறேன் என்று
எனக்கே அப்போதுதான் தெரியும்.
"கூசுதா?"
"இல்லக்கா."

பெஞ்சில் யாரும் அதைப் பார்க்கவில்லை.
கீழே கிடந்தவனின் கையா காலா பெரிது என்று
மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.

நான் பென்சிலை எடுத்தேன்.
பேர், கை, கழுத்து, இடுப்பு.
மற்றதை எழுத அந்தப் பக்கத்தில் கோடு இல்லை.
முற்பணம் ஐந்நூறு.
பாக்கி, ஞாயிறுக்குப் பிறகு.