பட்டன், பெயரில்லை

“பட்டன். பட்டன். பெயரில்லாத பட்டன்.”
ராத்திரி வந்த அப்டேட்டில்
காதுக்குள் ஓடும் குரல் தடுக்கி விழுகிறது.
நேற்றுவரை அங்கே ‘பதிலளி’ இருந்தது.

பீளமேட்டு ஹரிகேசவன் சொன்னார்:
“உங்களுக்குன்னே தனி ஆப் பண்ணிருக்கோமுங்க.
படமே இல்லீங்க, வம்பும் இல்லீங்க.”
போய்ப் பார்த்தேன்.
நாற்பத்தியொரு பேர்,
நாற்பத்தியொரு காலை வணக்கம்.

நூல் விலைக்கு அங்கே யாரும் வையவில்லை.
எங்கள் வீதிக்குத் தண்ணி எப்போது விடுவார்கள் என்று கேட்பாரில்லை.
போனஸ் தகராறில் பேச்சை நிறுத்திய சௌடேஸ்வரியும் இல்லை;
அவளிடம்தானே பாக்கி இருக்கிறது
எனக்கு நாலு வார்த்தை.

எதிர் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
கழுத்துக்குக் கழுத்து லேபிள் தைக்கிற மிஷின் சத்தம்.
ஒன்று விட்டுப்போனாலும் சரக்கு மொத்தமும் திரும்பிவிடும்
என்பார்கள் திருப்பூரில்.
இந்த ஆப்பை எந்த செக்கிங் டேபிள் பாஸ் பண்ணியது?

மூன்றாவது பட்டனை அழுத்தினேன்.
சௌடேஸ்வரி போட்ட படத்துக்கு இதயம் போய்விட்டது.

“என்ன படம்னு தெரிஞ்சுதான் போட்டியா?”

தடவித் தடவி, ஐந்தாவது பட்டனில் கிடைத்தது பதில்:
“தெரியாது. நீயே சொல்லு.”

எழுதிக்கொண்டிருக்கிறார், என்கிறது குரல்.
நிறுத்துகிறாள்.
மறுபடி,
எழுதிக்கொண்டிருக்கிறார்.