மினுக்குத்தூள்

ஐந்து மணி கம்பெனி பஸ்ஸில்
ரெஜினா ஓசூர் போய்விட்டாள்.
பிரிட்ஜ் கதவில் சீட்டு:
குடில் ஒட்டணும். நட்சத்திரம் ஒண்ணு செய்யணும்.
மூணு வரியில் கவிதை, ரெண்டு பேரும் எழுதணும்.
பசை வாயில் போகாமப் பாத்துக்க.

பதினொரு வருஷம் கிரானைட் பட்டறையில் நின்ற கை.
கறுப்புக் கல்லில் முகம் தெரிய வைக்கும்.
கலர் பேப்பரை நேராக மடிக்க
அதற்கு வரவில்லை.

மாங்கூழ் டின் வந்த அட்டைப்பெட்டியைக்
கவிழ்த்தோம், மாட்டுக்கொட்டில் ஆனது.
'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறி மட்டும்
தலைகீழாகத் தரையைக் காட்டியது.
"தாள் ஒட்டி மறைச்சிடலாமா?"
"வேணாம்ப்பா," என்றாள் ஆன்சி,
"சாமி கீழதான வருது."

பத்து நாள் முன்பு தயிர் டப்பாவில் தூவிய கேழ்வரகு
விரல் உயரம் எழுந்து நிற்கிறது.
பெத்லகேமில் கேழ்வரகு விளையுமா என்று
எலத்தகிரியில் இதுவரை யாரும் கேட்டதில்லை.
டெரிக் நாலு காலில் போய்
ஆடு மாதிரி ஒரு வாய் மேய்ந்துவிட்டான்.
மூன்றாம் ராஜா போன வருஷமே உடைந்துபோனார்.
அந்த இடத்தில்
மிக்சர் பாக்கெட்டில் வந்த பிளாஸ்டிக் போலீஸ்,
பஞ்சுத் தாடியோடு.

நட்சத்திரத்துக்கு முன்னாலேயே
மினுக்குத்தூள் தீர்ந்தது.

"அப்பா சட்டையில நிறைய இருக்குமே."

பட்டறை விட்டு வரும்போதெல்லாம்
என் முழங்கையில் விரல் தேய்த்து
வெளிச்சத்தில் காட்டிச் சிரித்தவன்தான் டெரிக்.
மூன்று வாரமாகக் குளியலறை ஆணியில் தொங்குகிறது
அந்தச் சட்டை.
எழுந்த வேகத்தில் பசை கொட்டியது.
"அது மினுக்கு இல்லடா."
"பின்ன?"

பின்னே என்ன என்று சொல்லாமல்
கொல்லையில் வாளித் தண்ணீரில் சட்டையை அமுக்கினேன்.
கொஞ்ச நேரம் அமுக்கியபடியே இருந்தேன்.
தண்ணீர் மேல் சாம்பலாக ஒரு ஏடு.

திரும்பி வந்தால்
சார்ட் தேடி பீரோ மேல் கைவிட்ட ஆன்சி
ஒரு நீலப் படத்தை உருவியிருந்தாள்.
கத்தரிக்கோல் நாலு முனை வெட்டி முடித்து
ஐந்தாவதில் இருந்தது.

ஜனவரி எட்டாம் தேதி
பழைய படத்தையும் கொண்டு வாங்க,
பக்கத்தில் வச்சுப் பாக்கணும் என்றிருந்தார் டாக்டர்.
திட்ட வாயெடுத்தேன்.
இருமல் முந்திக்கொண்டது.
டெரிக் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான்,
பாதி வழியெல்லாம் சிந்தியபடி.
"தேங்க்ஸ் சொல்லு," என்றான்.
சொன்னேன்.

ஐந்தாவது முனையை நானே வெட்டினேன்.
கை நடுங்கி அது கொஞ்சம் குட்டை.
பின்னால் ஜீரோ வாட்ஸ் பல்பு.
வாசலில் தொங்கவிட்டதும்
என் விலாக்கள் வரிவரியாக எரிந்தன.
டாக்டர் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டிய
வெள்ளைப் புள்ளிகளும்.
"மினுக்கு உள்ளயே இருக்கு பாரு,"
ஆன்சிக்கு ஒரே சந்தோஷம்.

டெரிக் சொல்லச் சொல்ல அவள் எழுதியது:

அப்பாவுக்குள்ள ஏணி இருக்கு.
யாரோ ஏறிப் போறாங்க.
லைட்டு போட்டா தெரியும்.

அவளுடைய கவிதைக்கு இரண்டாம் வரி இல்லை.
எச்சில் தொட்டு அழித்து அழித்து
தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.
படிக்கச் சொன்னால்
முதல் வரியைப் படித்தாள்,
ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்,
மூன்றாம் வரியைப் படித்தாள்.

கோயில் மணி அடித்தபோது
பனி இறங்கி, தெருவிளக்குகள் பஞ்சாகிவிட்டன.
பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ரெஜினா
வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றாள்.
டிபன் பை தோளிலிருந்து நழுவி
முழங்கையில் வந்து மாட்டியது.
ஒன்றும் கேட்கவில்லை.
குட்டை முனையைத் தொட்டு
லேசாக நிமிர்த்திவிட்டாள்.

உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே,
"பசை வாயில போச்சா?"

"இல்ல," என்றேன்.
"கேழ்வரகுதான் போச்சு."