ஏழாம் கிணறு

தாது வருஷம். கொள்ளிடத்தில்
தண்ணீரைவிட மணல் அதிகம்,
மணலைவிடப் பசித்தவர்கள்.
ரயில் பாலத்துக்குக் கூலிக் கணக்கு எழுதியவன் நான், இஞ்ஞாசி.
ஆணுக்கு இரண்டணா, பெண்ணுக்கு ஒன்று,
செத்தால் பேரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஆற்றுக்குள் செங்கல் கிணறு இறக்கி அதன்மேல் தூண்.
ஆறு கிணறு ஒழுங்காக இறங்கின.
ஏழாவது சாய்ந்தது.
நிமிர்த்தினார்கள். மறுபடி கிழக்கே சாய்ந்தது,
உட்கார்ந்து தூங்குகிறவன் தலைபோல.

"ஆத்தா தலை கேக்குறா" என்றான் முங்கி மண்ணெடுக்கிறவன்.
அன்று ராத்திரியே அறுபது பேர் ஓடிப்போனார்கள்.
மிச்சப்பேர் பிள்ளைகளை இடுப்போடு கட்டிக்கொண்டு மண் சுமந்தார்கள்.
கண்டிராக்டு முதலி ஒரு கிடா வெட்டினார்.
துரை அந்த நேரம் பார்த்துத்
தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.
கிடாயின் விலையை
விளக்கெண்ணெய் என்று எழுதினேன்.

கிணறு அசையவில்லை.

காத்தாயிக்கு முன்னே மூன்று தங்கவில்லை.
நாலாவதை, எமனை ஏய்க்க,
பக்கத்துக் குடிசைக்குக் கொடுத்து
ஆழாக்குத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள்.
தவிடன் என்று பேர்.
என் பெட்டிமேல் ஏறி மைக்கூட்டில் விரல்விட்டு
மூக்கில் தடவிக்கொள்வான்.

மூன்றாம் ஜாமத்தில் வந்து கூப்பிட்டாள்.
குடிசையெங்கும் வாந்தி வாடை.
காய்ந்த வெற்றிலைபோல் கிடந்தான் பிள்ளை.
"தெரிஞ்சா குடிசையக் கொளுத்தி வெரட்டிருவாங்கய்யா.
வெரட்டுனா கஞ்சி?"
நான் விளக்குப் பிடித்தேன், அவள் தோண்டினாள்,
பாலத்துக்கு மேற்கே, வடகரை மணல்திட்டில்,
நாணலுக்கு இப்பால்.
மூக்கில் மை அப்படியே இருந்தது.
எனக்குத் தெரிந்த ஜெபம் பாதியில் நின்றது.

விடிந்து பார்த்தால்
ஏழாம் கிணறு நேராக இறங்கியிருந்தது.
ராத்திரி ஏற்றிவைத்த தண்டவாளப் பாரம் என்றார் துரை.
"தவிடன் எங்க?" என்றது ஒரு குரல்.
கரை மொத்தமும் காத்தாயி பக்கம் திரும்பியது.
அவள் ஆமென்று சொல்லவில்லை.
இல்லை என்றும்.

அந்த வாரம் பதினொரு சிவப்புக் கோடு போட்டேன்.
ஆத்தாளுக்கு இன்னும் பசி என்றார்கள்.
காரணம் தெரிந்த இருவரும்
கஞ்சி வரிசையில் நின்றோம்.

சனிக்கிழமை, கூலிக்குக் கைநீட்டியபடி கேட்டாள்:
"கணக்குல எப்பிடி எழுதுனீங்க?"
சின்னப்பிள்ளைகள் கணக்கில் இல்லை என்றேன்.
"அப்ப சனங்க எழுதுனதே இருக்கட்டும்."

பாலம் நின்றது. ரயில் வந்தது.
ஏழாம் தூணடியில் அகல், மஞ்சள் துணி,
படையலுக்குத் தவிடும் வெல்லமும்.
பிள்ளை தங்காதவர்கள் ஆச்சாள்புரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள்.
காத்தாயி திருநீறு கொடுத்தாள்.
ஆளில்லாத மத்தியானம் ஒன்றில் கேட்டேன்,
உனக்குத் தெரியுமே என்று.
"தெரியும். வாந்திபேதியில போனவன
யாருய்யா கும்புடுவா?"

பாவசங்கீர்த்தனத்தில் கிடாய்க் கணக்கைச் சொன்னேன்.
சாமியார் ஆறு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.
பிள்ளையையும் அந்தப் பதினொரு கோட்டையும்
தொண்டைக்கு மேலே கொண்டுவரவில்லை.

பிறகொரு ஆடியில் ஆறு கரை மீறியது.
வேரோடு மரங்கள், மாடுகள்,
கூரை ஒன்று முழுசாக, மேலே சேவலோடு,
எல்லாம் வந்து தூணில் மோதின.
பாலம் முனகியது கரைவரை கேட்டது.
காத்தாயி இடுப்பளவு நீரில் இறங்கிக் கத்தினாள்:
"டேய் தவிடா, கெட்டியாப் புடிச்சுக்கடா!"
கழுத்து உத்தரியம் நனைய நானும் கத்தினேன்,
அதே வார்த்தைகளை.

வெள்ளம் வடிந்ததும் வடகரைக்குப் போனேன்.
திட்டு இல்லை. நாணல் இல்லை.
எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்திருந்த இடத்தில்
ஆறு போய்க்கொண்டிருந்தது, கலங்கலாக,
பாலத்தை நோக்கி.