ஈரப்பொட்டு

மடிக்கணினியின் வயிற்றுக்குள்
ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருப்பார்களாம்.
தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடுமாம்.
வாங்கிப் பதினோராம் மாதம்
ஹட்டன் கடையில்தான் எனக்கு இது தெரியவந்தது.

"செவந்திருக்கு அக்கா" என்றார் ஃபஸ்மில்,
குட்டிக் குட்டித் திருகாணிகளை
ஜாம் போத்தல் மூடியில் போட்டபடி.
"நான் கை வைக்க ஏலாது. வாரண்டி இருக்கே.
கொழும்புக்கு அனுப்பணும். கம்பெனி சொல்லணும்."

கம்பெனி சொல்வதற்கு
நாற்பத்தாறு நாள் எடுத்தது.

முதல் வாரம், வரிசையில் இருக்கிறது என்றார்கள்.
மூன்றாம் வாரம், சிங்கப்பூரிலிருந்து பாகம் வருகிறது.
எந்தப் பாகம் என்று கேட்க
ஐந்தாம் வாரம் எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்ன குரல்
மூன்றை அழுத்தியதும் பாட்டுப் போட்டது.
என் ரீலோட் முடியும்வரை
நல்ல பாட்டுத்தான்.

உள்ளே என்ன இருந்தது என்று
யாரும் கேட்கவில்லை.
மேற்பிரிவு மரண உதவிச் சங்கம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்,
மாதம் நூறு ரூபாய்,
ஏழு வருடம்.
"கொப்பி ஈரத்தில் ஊறிப் போகுது,
கம்ப்யூட்டருக்கு மாறுவோம்" என்று
கூட்டத்தில் எழும்பி நின்று சொன்ன செயலாளர்
நான்தான்.

நாலாம் வாரம் செபமாலை அண்ணன் செத்துப்போனார்.

ஆறு மாசப் பாக்கி என்றால் காசு இல்லை,
சங்க விதி அது.
வீடு வீடாகக் கேட்டுப் புதுக் கொப்பியில் எழுதினேன்.
எல்லோரும் கட்டியிருந்தார்கள்.
பதினோராம் லயத்தில், ஒருவர் விடாமல்,
என் கொழுந்தன் தர்மசீலன் உட்பட,
எல்லோரும்.

"செபமாலை?" என்றார் பொருளாளர்.
எட்டு மாசம். எனக்குத் தெரியும்.
அந்த வரிக்கு மஞ்சள் அடித்து வைத்தவள் நான்.
பெட்டி வாங்கப் போனவர்கள்
லொறியை நிறுத்தாமல் காத்திருந்தார்கள்.
"கம்ப்யூட்டர் கொழும்பில இருக்கு" என்றேன்.
பிறகு, "கட்டியிருக்கார்" என்றேன்.
இருபத்தையாயிரத்தை அவர் இரண்டு முறை எண்ணினார்.

நாற்பத்தேழாம் நாள்
எடுத்துவரச் சொல்லி அழைப்பு வந்தது.
தலவாக்கலையில் ஏறிய பஸ்ஸில்
வானொலி ஒரு புதுப் போனைப் பற்றிச் சொன்னது:
ஆறு மீட்டர் ஆழத்தில்
அரை மணி நேரம் கிடந்தாலும் சாகாதாம்.
விலையைக் கேட்டதும் பின் சீட்டில் ஒருவர்
எத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குப் போட்டார்.
வழியில் இறங்கிப் போகும்வரை
அவர் கணக்கு முடியவில்லை.
கண்ணாடிக்கு வெளியே சென்கிளயர் அருவி
யாருக்கும் பதில் சொல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

படிவத்தில் ஒரே வரி:
பாவனையாளரின் கவனயீனம் - நீர்.
பரிசோதனைக் கட்டணம்
நாலாயிரத்து ஐந்நூறு.

நான் ஊற்றவில்லை, ஃபஸ்மில்.
தேத்தண்ணியைக்கூட அதன் பக்கத்தில் வைத்ததில்லை.
எங்கள் பக்கம் ஜூனில் தொங்கவிட்ட போர்வை
ஆகஸ்டில் காயும்.
உப்பு தானாகக் கரையும்.
தீப்பெட்டியை இடுப்பில் செருகித்தான் காப்பாற்றுகிறோம்.
பனிமூட்டம் கதவைத் தட்டாமல் வந்து
கட்டிலில் உட்காரும்.
அதை எந்தக் கம்பெனிக்கு அனுப்ப?
எந்தப் பொருளை விற்கும்போது
மலைக்குக் கொண்டுபோகாதே என்று சொன்னீர்கள்?

அவர் மேலே பார்த்தார்.
அவர் கடைக் கூரையிலும்
ஒரு பழுப்பு வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

"போர்ட் போயிட்டு. ஆனா அக்கா,
டிஸ்க்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல.
கணக்கெல்லாம் அப்படியே இருக்கும்.
எடுத்துத் தரவா? ஆயிரம் ரூவாதான்."

ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இப்ப வேணாம்" என்றேன்.
டிஸ்க்கை மட்டும் கழற்றி
ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்.

நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால்
காய்ந்துவிடும் என்பார்கள்.
இது நனையவே இல்லை.
இருந்தும் அரிசி டின்னுக்குள்தான் வைத்திருக்கிறேன்,
அடிவரை புதைத்து.

இராச் சாப்பாட்டுக்கு அளக்கும்போது
சில நாள்
சுண்டு அதில் டக்கென்று இடிக்கிறது.