பதினோராம் வரிசை

பதக்கக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில்
ஒரு பெட்டி எண்ணுக்காகக் காத்திருக்கிறது.
பெயர்: டாக்டர் நெரீனா கோசுத்தா.
துறை: முதுகெலும்பு அறுவை.
ஊர்: திரியேஸ்தே.
கட்டுரைகள் நூற்று எழுபத்து மூன்று, எண்ணிவிட்டேன்.
மேற்கோள்களைத்தான்
எண்ண விடமாட்டேன் என்கிறது ஜன்னலை உலுக்கும் காற்று.

மலையிலிருந்து இறங்கி நேரே கடலில் விழும்
எங்கள் குளிர்காலக் காற்றுக்கு போரா என்று பெயர்.
முன்பெல்லாம் தெருமுனைகளில் வடம் கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
மனிதனுக்கு உள்ளேயும் ஒரு வடம் ஓடுகிறது,
அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தன்னைக் கடக்கிறான்
என்று ஒருமுறை சொன்னேன்.
"நூலகர்கள் உடற்கூறு பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

அதிகம் எடுத்தாளப்பட்டது ஒரு பழைய கட்டுரை.
முப்பத்தொரு முதுகுகள், அவர் வடிவமைத்த திருகாணி,
ஓர் அட்டவணை,
தொண்ணூற்றாறு சதவீத வெற்றி.
அந்த எண்ணை லிஸ்பனில் சொன்னார்கள், ஒசாகாவில் சொன்னார்கள்,
பாடநூலில் ஏறி உட்கார்ந்தது,
அங்கே அதைப் படித்த மாணவர்களுக்கு இப்போது நரைத்துவிட்டது.
அட்டவணைக்கு அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி:
தொடர்பில் இல்லாதோர் அறுவர்; கணக்கில் சேர்க்கவில்லை.

பதினோராம் வரிசை: ஆண், ஐம்பத்திரண்டு,
துறைமுகத்தில் காப்பி மூட்டை தூக்குபவர்.
பெயர் தாளில் இருக்காது. எனக்குத் தெரியும்:
ஒத்தோனே பாபிச்.
அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.
தொலைந்தா போனார்?
விரிகுடாவின் அந்தப் பக்கம், மூஜாவில்,
மகள் வீட்டில் இருந்தார்.
பஸ்ஸில் அரை மணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போன டாக்டர்
முன்னால் போகும் முதுகைப் பார்த்து நின்றுவிட்டார்.
முகத்தை மறந்திருக்கலாம்; முதுகை மறப்பாரா?
கடலோரத்தில் கடலைப் பார்க்க முடியாமல்
தன் செருப்பைப் பார்த்தபடி நடந்தது அது.
உள்ளே திருகாணி முறிந்து நாலு வருடம்.
"ஏன் வந்து சொல்லவில்லை?"
"நீங்கள் சரியாகத்தான் செய்திருப்பீர்கள்.
மூட்டை சுமந்த உடம்பு, அதுதான் சரியில்லை
என்று நினைத்துக்கொண்டேன்."

மீன் வாங்கவில்லை.

மற்ற ஐந்து பேரையும் தேடிக் கதவு தட்டினார்.
ஒருவர் கல்லறைத் தோட்டத்தில்.
"கடைசி வாரம்வரை நிமிர்ந்து நடந்தார்" என்றாள் மனைவி.
அதையும் குறித்துக்கொண்டார், வெற்றிப் பக்கத்தில்.
அறுவரில் நால்வருக்கு முறிந்திருந்தது.
தொண்ணூற்றாறு, எண்பத்துநான்காக இறங்கியது.

முதுகுக்குச் செய்வதும் திருத்தம்,
தாளுக்குச் செய்வதும் திருத்தம்.
ஒரே பக்கம்தான்.
மெத்தை விளம்பரத்துக்கு எதிரே அச்சிட்டார்கள்.

இன்றைய நிலவரம்:
பழைய கட்டுரைக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.
திருத்தத்துக்கு ஏழு.
அந்த ஏழில் நான்கு அவரே சொன்னவை.

மதியம் வந்தார். தொகையைக் கேட்கவில்லை.
"திருத்தம் வந்த பிறகும் பழையதையே சொன்னவர்கள் எத்தனை?"
தொள்ளாயிரத்து ஆறு.
"அடுத்த நாற்பது முகவரி கொடு."
முதல் நாற்பது கடிதங்களுக்கு மூன்று பதில் வந்ததாம்.
இரண்டு, நன்றி என்றன.
மூன்றாவது மொண்டெவிடியோவிலிருந்து, கோணல் கையெழுத்தில்:
"எங்கள் அட்டவணையிலும் ஒன்பது பேர் தொடர்பில் இல்லை.
தேடக் கிளம்பியிருக்கிறோம்."
மடித்து வைத்துக்கொண்டார்.
தபால்தலைக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் போட?
இந்தப் பெட்டி எண்ணை மட்டுமே ஏற்கும்;
எழுத்தைத் தட்டினால் சிவக்கிறது.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டுவிட்டேன்.
பொய்யில்லை.

ஜன்னலுக்கு வெளியே போரா உச்சத்தில் இருக்கிறது.
நகர மண்டபத்து எழுத்தர்கள், பேராசிரியர்கள், நாய் பிடித்த பெண்மணி,
ஊரே இன்று ஒத்தோனே போலக் குனிந்து
தன் செருப்பைப் பார்த்து நடக்கிறது.
முனையில் வடம் இல்லை இப்போது.
விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு
இன்னொரு கையால் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி
டாக்டர் நிற்கிறார்,
காற்று கொஞ்சம் விடட்டும் என்று.