எலாஸ்டிக் மட்டும்

பனி விட்டு மூன்றாவது வாரம்,
பன்னிரண்டு பாத்தியிலும் பன்னிரண்டு ஜட்டி புதைத்தோம்.
வெள்ளை. முழுப் பருத்தி.
தார்த்து சந்தைக்குப் பின்னாலிருக்கும் கடையில்
மொத்தமாக வாங்கியது.
ரசீதைப் பார்த்த கணக்கர் ஹெல்வே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
சத்தமாகவே வாசித்தாள்:
ஆய்வுக் கருவிகள். உள்ளாடை, ஆண், பெரியது.

சிரிக்கலாம். ஆனால் முறை சுத்தம்.
உயிருள்ள மண் பருத்தியைத் தின்றுவிடும்,
இரண்டு மாதத்தில் எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும்.
சோர்ந்த மண் கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும்,
துவைத்துப் போட்டுக்கொள்ளலாம்.
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு
இதைவிட உறைக்கும் பாடம் எங்கள் துறையில் இல்லை.

நான் பேராசிரியன் இல்லை.
டிராக்டர் ஓட்டுகிறேன்,
எண் பலகைகளுக்கு வருடா வருடம் வண்ணம் அடிக்கிறேன்.
பத்தொன்பது ஆண்டாக
ஒன்றிலிருந்து நான்கு வரை மூட்டை உரம்,
எட்டு வரை பாதிக்குப் பாதி,
ஒன்பதிலிருந்து குளோவர், ரை, பட்டாணி, மாட்டெரு.
இதற்குள் ஆறு திட்டங்கள் பிறந்து செத்தன,
ஒவ்வொன்றுக்கும் ஆயுள் மூன்று வருடம்.
மண் திரும்பிப் பார்க்கவே ஏழெட்டு வருடம் ஆகும்.
அதற்குள் இரண்டு இறுதி அறிக்கை எழுதி
கையெழுத்தும் போட்டிருப்பார்கள்.

ஜூலையில் தோண்டினோம்,
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத ஒரு நாளில்.
ஒன்றாம் பாத்தியில் சல்லடை மாதிரி.
நான்கில் முக்கால்வாசி அப்படியே.
பத்து, பதினொன்று, பன்னிரண்டில் வெறும் வளையம்,
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
ஒன்பதை ஏனோ கடைசிக்கு வைத்திருந்தோம்.

முழுசாக வந்தது.
சேற்று நிறம், ஆனால் முழுசு.
துவைக்கும் முறை எழுதிய சீட்டைக்கூட வாசிக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.
சுவரொட்டி அச்சாகிவிட்டது,
அதில் ஒன்பதாம் பாத்தியின் படம், பக்கத்தில் மாரிகா.
ராஸ்முஸ் மெல்லச் சொன்னான்:
"பத்தாம் பாத்தி வளையத்தையே ரெண்டு தடவ படம் எடுத்துக்கலாமே."
யாரும் அவனைத் திட்டவில்லை.
நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரிகா மண்வெட்டியை வாங்கினாள்.
ஒரு சாண் வரை பொலபொலவென்று வந்தது.
அதற்குக் கீழே "டங்".
உடைத்து எடுத்த கட்டி
நீலம் பாரித்திருந்தது, அழுகிய முட்டை வாடை.
மூச்சு விடாத மண்.
"இங்க என்ன நடக்குது?" என்றாள்,
என்னிடம் இல்லை, மண்ணிடம்.

நான்தான் பதில் சொன்னேன்.
கொட்டகைப் பக்கம் வரப்பு குறுகல்.
வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம்
ஒன்பதுக்குள் இரண்டு எட்டு ஏறி இறங்கும்.
வருடத்துக்கு முப்பது தடவையாவது இருக்கும்.
யாரும் கேட்டதில்லை.
ஏட்டில் மழைக்குக் கட்டம் உண்டு,
எருவுக்கு, விளைச்சலுக்கு, களைக்கு உண்டு.
சக்கரத்துக்குக் கட்டம் இல்லை.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு எக்லேயிடம் ஸ்கேல் வாங்கி
ஏட்டின் ஓரத்தில் கோணலாக ஒரு கோடு கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகை முன்னால் கயிறு கட்டி
பன்னிரண்டையும் வரிசையாகக் காயப்போட்டோம்.
சுவரொட்டி பக்கத்திலேயே நின்றது.
ஒன்பதாம் பாத்தியினுடையது
காற்றில் கொடி மாதிரி ஆடியது.
அமைச்சக அம்மா இருமினாள்.
மாரிகா சக்கரத்திலிருந்து தொடங்கினாள்.

பக்கத்துப் பண்ணைக் கல்யு
முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
கூட்டம் நகர்ந்ததும் என்னருகே வந்து
தாழ்ந்த குரலில் கேட்டான்:
"உன் வண்டி எடை என்ன?"
நான்கு டன் என்றேன்.

தொப்பியைக் கழற்றினான்.
அவனுடையது பதினொன்று.