மேற்குப் படுதா

ஓடுபாதைக்கும் என் கோழிச்சாளைக்கும் நடுவே
ஒரு கிளுவை வேலிதான்.
மில்லுக்காரர் காலத்தில் போட்ட தார்.
மில் மூடிப் பதினெட்டு வருசம் ஆயிற்று,
தார் மட்டும் காங்கயம் ரோட்டைவிட நன்றாயிருக்கிறது.

முதல் சண்டை ஒரு புரட்டாசி விடியலில்.
முப்பத்தெட்டாம் நாள் கோழி, ரெண்டு கிலோ தாண்டியவை.
அது தாழப் பறந்த சத்தத்தில்
எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி
அறுபத்திமூன்று மூச்சுமுட்டிச் செத்தன.
சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு
வேலியை விலக்கிப் போனேன்.

தயாபரன் என்று பேர் சொன்னான்.
தாராபுரத்தில் போர்வெல் மோட்டார் கடை.
நான் எதிர்பார்த்துப் போனது கூலிங்கிளாஸ்.
அவன் விரலெல்லாம் கிரீஸ்.
சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினேன்.
ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.
"எத்தனைங்கக்கா?"
எண்ணிப் பணம் தந்தான்.
"உங்க சாளை மேலிருந்து தெரியுதுங்க.
உள்ளே உசிரு இருக்கறது தெரியலீங்க."

அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.
நல்ல வாக்கியம் சொல்லித் தப்பிக்கிறவர்களைக்
கோழிக் கம்பெனி சூப்பர்வைசர்களில் நிறையப் பார்த்தாயிற்று.

நாலு பேர் கூட்டு வண்டியாம்.
பழைய லாரி விலைதான் என்றான்.
"லாரி லோடு ஏத்தும். இது என்னத்தை ஏத்தும்?"
யோசித்துவிட்டுச் சொன்னான்,
"என்னையத்தானுங்க."

உட்கார்ந்து பாருங்கள் என்றான். மாட்டேன் என்றேன்.
இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
கடைசியில் நான் பறந்தேன் என்று முடியாது இது.

போன ஆனியில் திருப்பூர் ஆட்கள் வந்து
ஓடுபாதையைச் சங்கிலி போட்டு அளந்தார்கள்.
நூற்றி நாற்பது சைட், முன்னால் ஒரு ஆர்ச்.
ரோடுகூட ரெடியாயிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டார்கள்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம்.
"காசுக்காரன் பொம்மை நமக்கெதுக்கு" என்றார் சென்னியப்பன்.
அது பொய்யில்லை.
அவசர ஆம்புலன்சுக்கு ஆகும், வெள்ளத்தில் உதவும் என்று
தயாபரனின் கூட்டாளி காகிதம் பார்த்துப் படித்தார்.
"வெள்ளமா?" என்றது பின்வரிசை.
அமராவதியையே நாங்கள் செருப்பு நனையாமல் தாண்டுகிறவர்கள்.

யாரோ கேட்டார்கள்,
"செல்வநாயகி, உன்றதுதானே அறுபத்திமூணு செத்துது?"

எழுந்தேன்.
சொல்ல வைத்திருந்தது வேறு,
வாயில் வந்தது அந்தக் காற்றுப்பை.

ஓடுபாதை ஓரம், கம்பத்தின் உச்சியில்,
ஆரஞ்சும் வெள்ளையுமாய்
ஆளில்லாத சட்டைக் கை மாதிரி ஒரு துணி.
நாலே முக்காலுக்கு எழுந்ததும்
மூஞ்சி கழுவுமுன் நான் பார்ப்பது அதைத்தான்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை விறைக்க வைத்திருந்தால்
மேற்குப் படுதாவை இறக்குவேன்.
துவண்டு தொங்கினால்
ரெண்டு பக்கமும் சுருட்டிவிட்டு ஃபேன் போடுவேன்.
ஐயாயிரம் மூச்சு அந்தத் துணியை நம்பி ஓடுகிறது.
வருசா வருசம் ஆடியில் கிழியும்,
புதுசு வாங்கி மாட்டுவது அவர்கள்.
ஒரு ரூபாய் நான் கொடுத்ததில்லை.

"ஒரு துணிக்கு முப்பது ஏக்கராவா, புள்ள?"

"அந்தாளும் அதைப் பாத்துட்டுத்தான் கிளம்பறாருங்க.
நானும் அதைப் பாத்துட்டுத்தான் படுதா இறக்கறேன்.
வேற எதுலயும் எங்களுக்கு ஒட்டில்லீங்க."

யாருக்கும் விளங்கவில்லை.
பாதி எனக்கே விளங்கவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டேன்.
போடுமுன் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
முப்பது நாள் தாண்டிய கோழி இருக்கையில்
தெற்கே திரும்ப வேண்டும்.
தேதியை வாட்ஸாப்பில் நான் அனுப்புவேன்.

இன்று முப்பத்திரண்டாம் நாள்.
மஞ்சள் இறக்கை எழும்பிற்று,
கிளுவைக்கு வெகுமுன்பே சாய்ந்து
ஊதியூர் மலைப்பக்கம் போயிற்று.
ஒரு கோழி தலை தூக்கியது,
மற்றவை தின்றுகொண்டிருந்தன.

அளந்தவர்கள் நட்ட கல் இன்னும் அங்கேதான்.
கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் இல்லை.
துணி விறைத்து நிற்கிறது, கிழக்கே பார்த்து.
படுதாக் கயிற்றை அவிழ்க்கிறேன்.